நாளைக்கு என்ன படிக்கப் போகிறாய்?

நேயர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளின் ரஃப் நோட்டில் கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் அநேகமாக ஒரு பட்டியல் இருக்கும். ‘இயற்பியல் படிக்க வேண்டும். வேதியியல் ரிவிஷன். கணக்குப் போட வேண்டும். உயிரியல் படங்கள்.’ நான்கு நிறங்களில் எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டிருப்பார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அதே வரிகள் முந்தைய பக்கத்துக்குக் குடிபெயர்ந்திருக்கும். நிறம் மட்டும் மாறியிருக்கும். பட்டியல் போடும் பழக்கம் நம் மாணவர்களிடம் நிறையவே இருக்கிறது. அந்தப் பட்டியலில் பாடங்களின் பெயர்கள்தான் இருக்கின்றன, செய்ய வேண்டிய வேலை இல்லை.

மளிகைக் கடைக்குச் சீட்டு எழுதும்போது யாராவது ‘சமையல்’ என்று எழுதுகிறோமா? துவரம் பருப்பு அரைக் கிலோ, புளி கால் கிலோ என்றுதானே எழுதுகிறோம்? ‘இயற்பியல் படிக்க வேண்டும்’ என்ற வரியை, முடிந்தது என்று எந்த இரவில் கோடு போட்டு அடிப்பது? தமிழ்நாடு பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் இரண்டு தொகுதிகள், 11 அலகுகள். மூன்று மணி நேரம் உட்கார்ந்து படித்த பிறகும் அந்த வரி அப்படியே நிற்கும். உழைத்த பிள்ளையும் ஒன்றும் செய்யாதவரைப் போலச் சோர்ந்து படுக்கப் போவது இதனால்தான்.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: ‘மின் இருமுனையின் அச்சுக்கோட்டில் மின்புலம். படம் வரைந்து, புத்தகத்தை மூடி வைத்து, ஒரு முறை எழுதிப் பார்ப்பது.’ இதற்கு ஒரு முடிவு இருக்கிறது. முடித்தோமா இல்லையா என்பதில் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளவும் முடியாது.

இயற்பியல் எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்களில் ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு மட்டும் 25. ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு 15. ஐந்து மதிப்பெண் வினாவுக்கு மேசை வேண்டும், பென்சில் வேண்டும், யாரும் கூப்பிடாத நேரம் வேண்டும். ஒரு மதிப்பெண் வினாக்களைப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலே பார்த்துவிடலாம். ஆகவே ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘மேசை’ அல்லது ‘பஸ்’ என்று ஒரு சொல் எழுதிவையுங்கள். நல்ல நேரத்தைச் சின்ன வேலையில் செலவழிப்பது பெரும்பாலும் இதனால் நின்றுவிடும்.

அடுத்தது நேரக் கணக்கு. கனடாவில் உளவியல் படித்த பல்கலைக்கழக மாணவர்களிடம், ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாகச் சுமார் 34 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது சுமார் 55 நாள். எல்லாமே கெட்டுப்போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டபோது அவர்கள் சொன்ன கணக்கும் 50 நாளைத் தொடவில்லை! 1994-இல் வெளியான ஆய்வு இது. வேலை தடங்கலின்றி நடப்பதாகவே மனம் கற்பனை செய்கிறது. போன மாதம் அதே போன்ற வேலைக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்பதை அது எட்டிப் பார்ப்பதில்லை.

எனவே ஒரு மணி நேரம் போதும் என்று தோன்றினால் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். சிறப்பு வகுப்பு முடிந்து வீடு திரும்ப ஆறரை ஆகிறது, ஏழு முதல் ஒன்பதரை வரைதான் படிக்க முடியும் என்றால், கையில் இருப்பது இரண்டரை மணி நேரம். அதற்குப் பெரிய வேலை ஒன்று, சிறிய வேலை இரண்டு போதும். பதினான்கு வரிகள் எழுதுவது அந்த நேரத்துக்கு ஆசைப்பட்டியல். முடித்த ஒவ்வொரு வரிக்கும் எதிரே உண்மையில் பிடித்த நேரத்தைக் குறித்து வாருங்கள். இரண்டு வாரத்தில் உங்கள் வேகம் உங்களுக்கே தெரிந்துவிடும்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பல வீடுகளில் அந்த இரண்டரை மணி நேரம் மகனுக்கு முழுதாகக் கிடைக்கிறது. மகளுக்குத் தண்ணீர் பிடிப்பது, தோசை ஊற்றுவது, தம்பிக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பது போக மிஞ்சுவதுதான். மாணவிகளே, அந்த வேலைகளையும் நேரத்தோடு பட்டியலில் எழுதுங்கள். நேரம் எங்கே போகிறது என்பதை வீட்டில் எடுத்துச் சொல்ல அது உதவும். ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இன்று மற்றவர்கள் கொடுத்த வீட்டுப்பாடம் என்ன என்று கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்தால், ஐந்து பேரும் ஒரே இரவில் பிள்ளைகளை மடக்குவது குறையும்.

ஒரே வரி மூன்று நாளாக அடிபடாமல் தொடர்ந்தால் அதை நான்காம் நாளும் அப்படியே எழுதாதீர்கள். ஒன்று, அது மிகப் பெரியது, துண்டாக்குங்கள். அல்லது அந்தப் பாடம் புரியவில்லை. அப்படியானால் பட்டியலில் இருக்க வேண்டிய வரி ‘நாளை இடைவேளையில் ஆசிரியரிடம் கேட்பது’ என்பதுதான். இரண்டும் இல்லையென்றால் அது தேவையில்லாத வேலை, கோடு போட்டுத் தள்ளிவிடலாம்.

செல்போன் செயலியா, காகிதமா என்று கேட்கிறார்கள். பட்டியலைப் பார்க்க செல்போனைத் திறந்தவர் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். காகிதமே போதும்.

எப்போது எழுதுவது? படுக்கப் போகும் முன். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் வைத்துச் சோதித்து, 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம், ஒரு பிரிவினர் வரும் நாட்களில் செய்ய வேண்டியதை எழுதினார்கள். மற்றவர்கள் ஏற்கெனவே முடித்ததை எழுதினார்கள். முதல் பிரிவினர் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகவே தூங்கிவிட்டார்கள். விவரமாக எழுதியவர்கள் இன்னும் விரைவாகத் தூங்கினார்கள். 57 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் செலவு ஐந்து நிமிடமும் ஒரு பென்சிலும் மட்டும் என்பதால் முயன்று பார்க்கலாம்.

பெற்றோரே, பிள்ளையின் பட்டியலைத் தினமும் வாங்கிப் பார்க்காதீர்கள். பார்க்கத் தொடங்கிய மறுநாளே அது உங்களுக்காக எழுதப்படும் பட்டியலாகிவிடும். எளிதான வரிகள் மட்டும் இருக்கும், எல்லாவற்றிலும் டிக் இருக்கும். பிள்ளை தானாகக் கொண்டுவந்து காட்டினால், அடிபடாத வரியைச் சுட்டிக்காட்டுவதற்கு முன் முடித்த வரியைப் பற்றி இரண்டு வார்த்தை கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.