ஏஐ-யை அசிங்கமாக வரைய வைப்பது எப்படி? ஜார்ஜ் க்ரோஸ் பாணி

வணக்கம் நண்பர்களே! "ஜார்ஜ் க்ரோஸ் பாணியில் ஒரு அரசியல்வாதி" என்று ஏஐ-யிடம் கேட்டுப் பாருங்கள். கோணலான தெரு, சிவப்பு வானம், வழவழவென்று ஒரு முகம். வரவேற்பறையில் மாட்டலாம், அவ்வளவு அழகு. அந்த அழகுதான் பிரச்சினையே!

யார் இந்த க்ரோஸ்? 1893-இல் பெர்லினில் பிறந்த ஜெர்மன் ஓவியர். ராணுவத்தைக் கேலி செய்து வரைந்ததற்காக 1921-இல் அபராதம் கட்டியவர். 1933 ஜனவரியில் அமெரிக்கா போய்விட்டார். சரி, படத்துக்கு வருவோம்.

(திரையில்: 'சமூகத்தின் தூண்கள்', 1926)

நிதானமாகப் பாருங்கள். முன்னால் இருப்பவர் கையில் பீர் கோப்பை, வாள். கன்னத்தில் வாள் சண்டைத் தழும்பு, டையில் நாஜிகளின் சின்னமான ஸ்வஸ்திகா. திறந்த மண்டையிலிருந்து ஒரு குதிரைவீரன் பாய்ந்து வருகிறான்! பத்திரிகைக்காரர் தலையில் கவிழ்த்த மூத்திரச் சட்டி. அரசியல்வாதியின் மண்டைக்குள் ஆவி பறக்கும் மலம். பின்னால் பாதிரியார் கண்ணை மூடிக் கைகளை விரித்து நிற்கிறார், அவருக்குப் பின்னே கட்டடம் எரிகிறது. ஹிட்லர் ஆட்சிக்கு வர இன்னும் ஏழு வருடம் இருக்கும்போது வரைந்தது இது! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

எந்த மண்டைக்குள் எது என்பதை க்ரோஸ் முடிவு செய்தார். ஒவ்வொன்றும் ஒரு குற்றச்சாட்டு. வெறும் பெயரைக் கொடுத்தால் ஏஐ மாடல் அந்தப் பெயரோடு சேர்த்துக் கற்ற நிறத்தையும் வளைவையும்தான் தரும். அதிலும் பல மாடல்கள், பார்ப்பவர்களுக்குப் பிடித்த அழகான படத்தின் பக்கம் சாயும்படி பழக்கப்பட்டவை.

அதனால் பெயரை எடுத்துவிடுங்கள். குழந்தைகளின் படங்களையும் கழிப்பறைச் சுவர்க் கிறுக்கல்களையும் பார்த்துத்தான் க்ரோஸ் தன் கோடுகளைக் கூர்மையாக்கினார். ப்ராம்ப்டில், அதாவது ஏஐ-க்கு எழுதிக் கொடுக்கும் கட்டளையில், அதைக் கேளுங்கள்: மெல்லிய பேனாக் கோடு, நிழல் கிடையாது, ஆடையை ஊடுருவித் தெரியும் உடம்பு. அப்புறம் உங்கள் குற்றவாளி: "வட்டிக்காரர், திறந்த மண்டைக்குள் எலிப்பொறி." மாடல் மண்டையைத் திறக்க மறுத்தால், நீங்களே பேனாவால் கிறுக்கி, அந்தப் படத்தையே ஏஐ-க்கு அடிப்படையாகக் கொடுங்கள். கோணல்மாணலாக இருந்தால் ரொம்ப நல்லது!

அவருடைய ஓவியங்களை வைத்து லோரா (ஒரு பாணியை மாடலுக்குக் கற்றுக்கொடுக்கும் சிறிய கூடுதல் பயிற்சி) செய்ய நினைப்பவர்கள் கவனியுங்கள்: அவர் இறந்தது 1959-இல். ஜெர்மனியில் 2029 முடியும் வரை பதிப்புரிமை உண்டு.

யாரை வரையப் போகிறீர்கள், மண்டைக்குள் என்ன வைக்கப் போகிறீர்கள்? கமெண்டில் எழுதுங்கள், அடுத்த வீடியோவில் வரைந்து பார்ப்போம்.