கடலைச் சிவக்கவைத்த வினைச்சொல்

நண்பர்களே,

'இன்கார்னடைன்' என்ற சொல்லை ஆங்கில அகராதியில் தேடுங்கள். வெளிர் தசை நிறம், இரத்தச் சிவப்பு என்று இரண்டு நிறங்கள் போட்டிருக்கும். தசை நிறம்தான் மூத்தது. லத்தீனில் தசையைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்து, இத்தாலியன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த பெயரடை அது. அவதாரத்தைக் குறிக்கும் 'இன்கார்னேஷன்' அதன் உடன்பிறப்பு.

அதை இரத்தத்தில் தோய்த்தவர் ஷேக்ஸ்பியர். 'மக்பெத்' நாடகம், இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி. மன்னன் டங்கனைக் கொன்றுவிட்டு வந்த மக்பெத் தன் கையைப் பார்க்கிறான். கடல்நீர் முழுவதும் சேர்ந்தாலும் இந்தக் கறை போகுமா? போகாது, இந்தக் கைதான் கடல்களைச் சிவக்கவைக்கும் என்கிறான். பெயரடை அங்கே வினைச்சொல்லாகிறது.

வரியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: 'த மல்டிடியூடினஸ் சீஸ் இன்கார்னடைன்'. பதினோரு அசைகளில் ஒன்பதை இரண்டே சொற்கள் பிடித்துக்கொள்கின்றன. அலை அலையாகப் புரண்டு வரும் லத்தீன் ஓசை. அடுத்ததோ 'மேக்கிங் த கிரீன் ஒன் ரெட்'. எல்லாம் ஆங்கிலத்துக்கே உரிய சின்னச் சின்னச் சொற்கள். முதல் வரி புரியாதவருக்கும் இரண்டாம் வரி பொருளைக் கையில் கொடுத்துவிடுகிறது. ஆங்கில நாடகத்தில் இதற்கு இணையான இரண்டு வரிகள் மிகக் குறைவு.

இங்கேதான் வாசிப்பவர்கள் தடுமாறுகிறார்கள். 1623இல் அச்சான, ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் தொகுப்பில் 'ஒன்' என்ற சொல்லுக்குப் பின் காற்புள்ளி இருக்கிறது. அப்படிப் படித்தால் 'பச்சையாக இருப்பதைச் சிவப்பாக்கி' என்று பொருள் சப்பென்று போகும். 'கிரீன்' சொல்லி நிறுத்துங்கள். பிறகு 'ஒன் ரெட்' என்று சேர்த்துச் சொல்லுங்கள். பச்சைக் கடல் முழுவதும் ஒரே சிவப்பு! பெரும்பாலான பதிப்பாசிரியர்கள் இப்படித்தான் கொள்கிறார்கள். என் கட்சியும் அதுவே.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 'சிவப்பு' என்பதற்கு அலங்கார மாற்றாக 'இன்கார்னடைன்' போட்டால் வலு போய்விடும். ஒன்றின் நிறம் இன்னொன்றில் பரவி அதன் சொந்த நிறத்தை விழுங்கும் இடத்தில்தான் இந்த வினை பொருந்தும். 1859இல் பாரசீகக் கவிஞர் உமர் கய்யாமை ஆங்கிலத்தில் தந்த எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு இது தெரிந்திருந்தது. அவருடைய பாட்டில், ரோஜாவின் மஞ்சள் கன்னம் சிவக்கட்டும் என்று சிவப்பு ஒயினை முன்வைத்துக் குயிலினும் இனிய நைட்டிங்கேல் கூவுகிறது. இரத்தம் இல்லை, ஆனால் மஞ்சள் மறைந்து சிவப்பு பரவுகிறது.

'இன்கார்னடைன்' சொல்லின் கடைசி அசையை 'டைன்', 'டின்', 'டீன்' என மூன்று விதமாகவும் சொல்வதுண்டு. ஃபிட்ஸ்ஜெரால்டைப் படிக்கும்போது மட்டும் 'டைன்' என்றே சொல்ல வேண்டும். 'டிவைன்', 'வைன்' என்ற சொற்களோடு அங்கே அது இயைபு சேர்கிறது.