மேஷ் சீரியல்ல ஆள் மாறின அப்புறம் பார்க்கக் கூடாதா? யாரு சொன்னது!

வணக்கம் மக்களே! எல்லாரும் நல்லா இருக்கீங்களா? பின்னாடி சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க. எதிர்வீட்டுல மாடி எடுக்குறாங்க, காலையில இருந்து கம்பி வெட்டுறாங்க. நான் இன்னிக்கு இருக்கிற சந்தோஷத்துல அதெல்லாம் எனக்குக் காதுலயே விழல.

இத பாருங்க. இருங்க, ஃபோகஸ் ஆகட்டும். தெரியுதா? மேஷ்! பழைய அமெரிக்க டிவி சீரியல். ஒரிஜினல் டிவிடி, பெட்டியோட, நாலு சீசன். எங்க கிடைச்சுதுன்னு நினைக்கிறீங்க? நம்ம பாண்டி சண்டே மார்க்கெட்ல! காந்தி வீதியில செருப்பு, சார்ஜர், பனியன்லாம் குவிச்சிருப்பாங்கல்ல, அதுக்கு நடுவுல ஒருத்தர் தார்ப்பாய் விரிச்சு பழைய பிரெஞ்சு புக்கு, பீங்கான் தட்டு, ஓடாத கடிகாரம்லாம் வெச்சிருந்தாரு. யாரோ வெள்ளைக்காரங்க வீட்டைக் காலி பண்ணிட்டுப் போறப்ப போட்டுட்டுப் போன சாமான். அதுக்கு அடியில இது கிடக்குது. எனக்குக் கையெல்லாம் நடுங்குது. ஆனா முகத்துல காட்டக் கூடாது, காட்டினா விலை ஏறிடும்னு உங்களுக்குத் தெரியும்ல.

"எவ்ளோண்ணா?"ன்னு சும்மா கேக்குற மாதிரி கேட்டேன். "யுத்தப் படம்மா, இங்கிலீஷு, ஆயிரத்து ஐந்நூறு குடு"ன்னாரு. நான் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆறாவது சீசன் பெட்டியில ஒரு மூலையை எலி கடிச்சிருக்கு. இதோ, இங்க, பல்லு பதிஞ்சிருக்கு பாருங்க. அதைக் காட்டி நானூறுன்னேன். அவர் ஆயிரம்னாரு. நான் கீழ வெச்சிட்டு ரெண்டு கடை தள்ளிப் போயி நின்னேன். கூப்பிடுவாருன்னு பார்த்தா கூப்பிடல! எனக்கு வயித்தைக் கலக்குது. அப்புறம் நானே திரும்பி வந்து, தட்டு ஒண்ணு பார்க்குற மாதிரி பார்த்து, கடைசியில அறுநூத்தி ஐம்பதுக்கு முடிச்சேன். நாலு சீசன், அறுநூத்தி ஐம்பது ரூபா! அம்மா கேட்டுட்டு "இதுக்கு ஒரு கிலோ வஞ்சிரம் வாங்கியிருக்கலாம்"னு சொன்னாங்க. சொல்லட்டும்.

ஆனா அந்த அண்ணன் பணத்தை எண்ணிக்கிட்டே ஒண்ணு சொன்னாரு பாருங்க. "இன்னும் மூணு பெட்டி இருந்துச்சும்மா, போன வாரமே ஒருத்தர் எடுத்துட்டுப் போயிட்டாரு." எந்த மூணுன்னு நினைக்கிறீங்க? ஒண்ணு, ரெண்டு, மூணு! என்கிட்ட இருக்கிறது நாலு, ஆறு, எட்டு, ஒன்பது. அதாவது யாரோ ஒருத்தர் பழைய ஆளுங்க இருக்கிற சீசனை மட்டும் பொறுக்கி எடுத்துட்டு, ஆள் மாறின சீசனை எல்லாம் தார்ப்பாயிலயே போட்டுட்டுப் போயிருக்காரு. அந்தக் கோவத்துலதான் இந்த வீடியோ.

ஆ, அதுக்கு முன்னாடி டிவிடி கதையை முடிச்சிடுறேன். வீட்டுக்கு ஓடியாந்து ப்ளேயர்ல போட்டா ஓடல. திரையில ரீஜன் தப்புன்னு வருது. டிவிடியில உலகத்தைக் கூறு போட்டு வெச்சிருக்காங்க. அமெரிக்கா 1, ஐரோப்பா 2, நம்ம இந்தியா 5. பெட்டிக்குப் பின்னாடி சின்னதா உருண்டைக்குள்ள 2ன்னு போட்டிருக்கு. நம்ம வீட்டு ப்ளேயர் 5. காசு குடுத்து வாங்கின பொருளை என் வீட்டுல நான் பார்க்க எவன் பர்மிஷன் வேணும்? எனக்கு இந்த ரீஜன் சமாச்சாரமே பிடிக்காது, எப்பவும் பிடிக்காது. அப்புறம் லேப்டாப்புக்கு வெளியில சொருகுற டிவிடி டிரைவ் ஒண்ணு வாங்கினேன், ஆயிரத்து முந்நூத்தி ஐம்பது. டிஸ்க்கை விட டிரைவ் ரெண்டு மடங்கு விலை! அதுலயும் ரீஜனை மொத்தம் 5 தடவைதான் மாத்த முடியும், அதுக்கு மேல அப்படியே பூட்டிக்கும். நான் 2ல வெச்சிட்டேன். இனிமே அது 2லயேதான் இருக்கும், மேஷுக்காகவே இருக்கட்டும். ஒரு நல்ல விஷயம், இந்த டிஸ்க்ல பின்னணிச் சிரிப்பு இல்லாத ஆடியோ தனியா இருக்கு. இங்கிலாந்துல பிபிசி அப்படித்தான் போட்டாங்க. தயவு செஞ்சு அப்படிப் பாருங்க, வேற சீரியல் மாதிரியே இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வரேன். புதுசா வந்தவங்களுக்கு மட்டும் சுருக்கமா: கொரியா யுத்தம், அமெரிக்க ராணுவத்தோட கூடார ஆஸ்பத்திரி, 4077ன்னு பேரு. யுத்தம் நடந்தது 1950ல இருந்து 1953 வரைக்கும், சீரியல் ஓடினது 1972ல இருந்து 1983 வரைக்கும், 11 சீசன். டாக்டர் ஹாக்கை, அதாவது நடிகர் ஆலன் ஆல்டா, முதல்ல இருந்து கடைசி வரைக்கும் இருப்பாரு. சுத்தி இருக்கிறவங்கதான் மாறுவாங்க. மூணாவது சீசனோட கர்னல் ஹென்றி ப்ளேக்கும், ஹாக்கையோட கூட்டாளி ட்ராப்பரும் போயிடுவாங்க. அஞ்சாவதோட இன்னொரு டாக்டர் ஃப்ராங்க் பர்ன்ஸ். எட்டாவதுல முகாம் க்ளார்க் ரேடார்.

எங்க பெரியப்பா பையன், நம்ம பழைய வீடியோவுல கேமராவை மறைச்சிக்கிட்டே வடை சாப்பிட்டாரே, கடலூர் அண்ணன், அவர்தான் எனக்கு மேஷையே காட்டினவரு. அவரே சொல்றாரு, "மூணோட நிறுத்திடு, அதுக்கப்புறம் அது மேஷே இல்ல"ன்னு. அண்ணா, எனக்கு உங்க மேல ரொம்ப மரியாதை. ஆனா இதை நான் ஒத்துக்கவே மாட்டேன்.

நம்ம ஊரு சீரியல்ல ஆள் மாறினா என்ன பண்ணுவாங்க? நடுவுல படத்தை நிறுத்தி, "இனி இவருக்குப் பதில் இவர்"னு ஒரு கார்டு. அடுத்த நிமிஷம் புது முகம் வந்து அதே தாலியைக் கண்ணுல ஒத்திக்கும், அதே புருஷனைப் பார்த்து அழும். அம்மா ரெண்டு நாள் திட்டிட்டு பழகிடுவாங்க. அமெரிக்காவுலயும் இது உண்டு. பிவிட்ச்ட்னு ஒரு சீரியல்ல 1969ல புருஷன் வேஷத்துக்கு டிக் யார்க் போயி டிக் சார்ஜன்ட் வந்தாரு, அதே பேரு, அதே வீடு, யாரும் ஒரு வார்த்தை பேசல. மேஷ் அதைப் பண்ணவே இல்ல. போனவர் போனவர்தான், வர்றவர் வேற ஆளு. புதுக் குடித்தனம் வந்தா வீட்டோட சமையல் வாசனையே மாறிடும்ல, அப்படி முகாமே மாறும். யுத்த முகாம்ல அதானேங்க நெசம்? டாக்டருங்க வருவாங்க, கணக்கு முடிஞ்சா மாத்திக்கிட்டுப் போவாங்க. எல்லாரும் பதினோரு சீசனும் அங்கயே உக்காந்திருந்தாதான் பொய்யா இருக்கும்.

ஹென்றி போறதையே எடுத்துக்கோங்க. நடிகர் மக்லீன் ஸ்டீவன்சன் தனியா பேர் எடுக்கணும்னு கிளம்புறாரு. 1975 மார்ச் 18 எபிசோட். ஊருக்குப் போக உத்தரவு வந்துடுச்சு, புது சூட்டு போட்டு எல்லாரும் வழியனுப்புறாங்க. அப்புறம் ஆபரேஷன் நடக்குது. ரேடார் மாஸ்க் கூடப் போடாம உள்ள வந்து, அந்த ஃப்ளைட்டு ஜப்பான் கடல்ல சுடப்பட்டு விழுந்துடுச்சு, யாரும் பிழைக்கலன்னு படிக்கிறான். அந்தக் கடைசிப் பக்கத்தை நடிகருங்களுக்குக் கூட முன்னாடி குடுக்கல, எடுக்கப் போறப்பதான் காட்டினாங்க. யாரோ ஒரு கருவியைக் கீழ போடுற சத்தம் கேக்கும். அவ்ளோதான். மறுபடி வேலையைப் பார்ப்பாங்க. எங்கம்மா சப்டைட்டிலைப் பாதிதான் படிப்பாங்க, அன்னிக்கு "ஏன்டி, அந்தத் தொப்பிக்காரரா?"ன்னு கேட்டுட்டு எழுந்தே போயிட்டாங்க.

அவர் இடத்துக்கு வர்றாரு பாட்டர். ஹாரி மார்கன். இவரே மூணாவது சீசன் ஆரம்பத்துல பைத்தியக்கார ஜெனரலா ஒரு எபிசோட் வந்துட்டுப் போனவரு! அதைப் பார்த்துட்டுத்தான் கூப்பிட்டிருப்பாங்க போல. எனக்கு மேஷ்லயே ரொம்பப் பிடிச்ச ஆளு இவர்தான், ஹாக்கையை விட. ஹென்றி பாவம், நல்லவரு, ஆனா அவரை யாரு வேணா ஏமாத்தலாம். பாட்டரை ஏமாத்த முடியாது. முதல் உலக யுத்தத்துல குதிரை மேல இருந்தவரு, பொண்டாட்டி மில்ட்ரெட் போட்டோவைப் பார்க்காம தூங்க மாட்டாரு.

எட்டாவது சீசன்ல ஒரு எபிசோட். முதல் யுத்தத்தப்ப பிரான்ஸ்ல ஒரு பங்களா நிலவறையில, குண்டு விழறப்ப, பாட்டரும் கூட்டாளிங்களும் ஒரு பிராந்தி பாட்டிலைக் கண்டு எடுத்து, கடைசியா உயிரோட இருக்கிறவன்தான் இதைத் தொறக்கணும்னு சத்தியம் பண்ணிக்கிறாங்க. அந்த பாட்டில் இப்ப பாட்டருக்கு வருது. வந்தா என்ன அர்த்தம்னு அவருக்குத் தெரியும்ல. ரெண்டு நாளா எல்லார்கிட்டயும் எரிஞ்சு விழுந்தவரு, கடைசியில முகாம்ல இருக்கிறவங்களைக் கூப்பிட்டு உக்கார வெச்சு ஊத்துறாரு. பழைய கூட்டாளிங்களுக்கு ஒரு வாழ்த்து, அப்புறம் இந்தப் புதுக் கூட்டாளிங்களுக்கு ஒரு வாழ்த்து.

பாண்டிக்காரங்களுக்கு இது நேரா நெஞ்சுல வந்து விழும். எங்க தெருவுல ஒரு சொல்தா தாத்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவரு, இருந்தாரு. பிரெஞ்சு தேசிய தினம் ஜூலை 14 ஆனா கோட்டு போட்டு, மெடல் எல்லாம் குத்தி, பீச் ரோட்டு யுத்த நினைவுச் சின்னத்துக்கு நடந்தே போவாரு. கூட நடக்கிற ஆளுங்க வருஷத்துக்கு வருஷம் குறைஞ்சிக்கிட்டே வந்தாங்க. பாட்டர் அந்த டம்ளரைத் தூக்குறப்ப எனக்கு அவர் முகம்தான். ஹென்றியை வெச்சு இந்த எபிசோடை எடுத்திருக்கவே முடியாது. ஆள் மாறினதாலதான் இந்தக் கதையே கிடைச்சுது!

இன்னொண்ணு சொல்லாம விட்டா தூக்கம் வராது. அந்த யுத்தத்துல நிஜமாவே நம்ம ஆளு ஒருத்தர் இருந்தாரு. லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சவரு. 60வது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ்னு இந்திய டாக்டர் படையைக் கூட்டிக்கிட்டு 1950 கடைசியில கொரியாவுக்குப் போனாரு. 1951 மார்ச்ல அமெரிக்க சிப்பாய்ங்களோட சேர்ந்து பாராசூட்ல குதிச்சாங்க. மகாவீர் சக்ரா குடுத்தாங்க. இதை ஏன் நமக்குப் பள்ளிக்கூடத்துல சொல்லித்தரல?

ஃப்ராங்க் பர்ன்ஸ் போனது எனக்குத் துளி கூட வருத்தம் இல்ல. லாரி லின்வில் அருமையா நடிச்சாரு, ஆனா அந்தக் கேரக்டர் அஞ்சு வருஷமா ஒரே மாதிரி கோழை, ஒரே மாதிரி அழுகுணி. ஹாக்கை அவனைக் கிண்டல் பண்றதுல என்ன பெருமை? ஆறாவது சீசன்ல வின்செஸ்டர் வர்றாரு, டேவிட் ஆக்டன் ஸ்டியர்ஸ். பாஸ்டன் பணக்காரர், திமிரு, அதே சமயம் உண்மையிலேயே பெரிய சர்ஜன். இப்பதான் ஹாக்கைக்குச் சரியான ஜோடி. முதல் நாள் ஆபரேஷன்ல அவர் பொறுமையா, அழகா தையல் போடுவாரு, பக்கத்துல அடிபட்டவங்க வரிசையில கிடப்பாங்க. நல்லா வேலை தெரிஞ்சவரே அங்க திணறுவாரு.

அப்புறம் அந்த சாக்லேட். ஒன்பதாவது சீசன் கிறிஸ்துமஸ் எபிசோட், நேத்து ராத்திரி மறுபடி பார்த்தேன். வின்செஸ்டர் குடும்ப வழக்கம், அநாதை இல்லத்துக்குப் பேர் சொல்லாம சாக்லேட் குடுக்கணும். குடுப்பாரு. பார்த்தா அந்தச் சாக்லேட் கள்ளச் சந்தையில விக்குது. கொதிச்சுப் போயி இல்லத்துக்காரரைக் கேப்பாரு. சாக்லேட் பசங்களுக்கு ஒரு நிமிஷ சந்தோஷம்தான், வித்த காசுல அரிசியும் கோஸும் வாங்கினா ஒரு மாசம் தாங்கும்னு அவர் சொல்லுவாரு. வின்செஸ்டர் முகத்தைப் பாருங்க அப்ப. சோறில்லாத புள்ளைக்கு இனிப்பு குடுத்தது என் தப்புன்னு சொல்லுவாரு. ரேடார் இடத்துக்கு வந்த க்ளிங்கர் மறைஞ்சிருந்து கேட்டுட்டு, விருந்துக்குப் போகாம தனியா உக்காந்திருக்கிறவருக்குத் தட்டுல சாப்பாடு எடுத்துட்டு வருவான், யார் குடுத்ததுன்னு சொல்லக் கூடாதாம். அப்பதான் மேக்ஸ், சார்லஸ்னு ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. நான் பாஸ் பண்ணிட்டு அழுதேன்.

எல்லாமே நல்லதுன்னு சொல்ல மாட்டேன். ரேடார் போனது பெரிய இழப்பு, க்ளிங்கர் அந்த மேஜையில உக்காந்தப்ப ஹெலிகாப்டர் சத்தத்தை முன்னாடியே கேக்குற ஆளு இல்ல. கடைசி ரெண்டு சீசன்ல ஹாக்கை உபதேசம் ஜாஸ்தி. ட்ராப்பரை அனுப்பின விதம் எனக்கு இன்னிக்கும் பிடிக்கல, நடிகர் வேய்ன் ராஜர்ஸ் திரும்பி வரல, அதனால கதையில ட்ராப்பர் சொல்லாமக் கொள்ளாம போயிடுறான். ஒரு சீட்டு கூட எழுதி வெக்கல. ஆனா அந்தக் குறையையே அவங்க விடல பாருங்க! அவன் இடத்துக்கு வந்த பீ.ஜே.வுக்கு கடைசி எபிசோட்ல போயிட்டு வரேன்னு சொல்ல வாய் வராது. ஹாக்கை இந்த விஷயத்துல எவ்ளோ அடிபட்டவன்! ஹெலிகாப்டர் மேல ஏறினப்பதான் கீழ தரையில வெள்ளைக் கல்லால பெருசா "குட்பை"ன்னு எழுதியிருக்கிறது தெரியும். 1983 பிப்ரவரி 28, அமெரிக்காவுல 10 கோடிக்கும் மேல பார்த்தாங்க. எட்டு வருஷம் முன்னாடி ட்ராப்பர் சொல்லாம விட்டுப் போன அந்த குட்பைக்கு அங்க பதில் வருது. மூணாவது சீசனோட நிறுத்தினவங்களுக்கு இது கிடைக்குமா?

அதனால சண்டே மார்க்கெட்ல அந்த மூணு பெட்டியை வாங்கிட்டுப் போனவர் இந்த வீடியோவைப் பார்த்தா, தயவு செஞ்சு நாலாவதை மட்டும் என்கிட்ட இரவல் வாங்கிட்டுப் போங்க, குடுக்குறேன். ஆனா திருப்பித் தந்துடணும்.

அண்ணன் மாசி மகத்துக்கு வராரு. வைத்திக்குப்பத்துல சாமி பார்த்துட்டு நேரா இங்கதான் சாப்பாடு. அம்மா வஞ்சிரம் வறுக்கட்டும், நான் அந்தப் பிராந்தி பாட்டில் எபிசோடையும் சாக்லேட் எபிசோடையும் வரிசையா போட்டு விடுறேன். அவர் என்ன சொல்றாருன்னு அடுத்த வீடியோவுல நேர்லயே கேளுங்க. ரெண்டு, மூணு டிஸ்க்ல கீறல் இருக்கு, அதைத் தொடைக்க என்ன நல்லதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. வரட்டுமா!