ஒப்புக்கொண்டான், திருந்தவில்லை

(நாகர்கோவிலில் ஒரு வாசகசாலை ஆண்டு விழாப் பட்டிமன்றம். தலைப்பு: ‘பிரேக்கிங் பேட்’ கடைசி சீசனில் வால்டர் ஒயிட் திருந்தினானா, திருந்தவில்லையா? ‘திருந்தவில்லை’ அணியில் பேசியது.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணி அண்ணனுக்கும் தங்கைக்கும், வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

தொடரைப் பார்க்காதவர்களுக்கு ரெண்டு வரி. 2008 முதல் 2013 வரை அமெரிக்காவில் வந்தது, வின்ஸ் கில்லிகன் உருவாக்கியது. ஆல்புகர்க்கி ஊரில் வால்டர் ஒயிட் என்ற 50 வயது கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கு நுரையீரலில் புற்றுநோய். சாவதற்குள் குடும்பத்துக்குப் பணம் சேர்க்க வேண்டும் என்று, ஜெஸ்ஸி என்கிற பழைய மாணவனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு மெத் என்னும் போதைப்பொருளைக் காய்ச்சத் தொடங்குகிறார். கடைசியான ஐந்தாவது சீசனில் 16 எபிசோடு.

அண்ணன் உருக்கமாகப் பேசினார். கடைசியில் மனைவி ஸ்கைலரிடம் உண்மையைச் சொன்னான், ஜெஸ்ஸியைக் காப்பாற்றினான், பிள்ளைகளுக்குப் பணம் போய்ச் சேர வழி செய்தான், இதைவிட ஒருத்தன் எப்படித் திருந்துவான் என்று கேட்டார். நம்ம மாவட்டத்தில் தெருவுக்கு ஒரு சார் வீடாவது இருக்கும். படிப்பித்த சாரை ரோட்டில் கண்டால் இன்னும் பைக்கை நிறுத்தி இறங்குகிற ஆட்கள் நாம். ஒரு வாத்தியார் காசில்லாமல் சாயங்காலம் கார் கழுவும் கடையில் நிற்பதைப் பார்த்தால் நமக்கு மனசு கலங்கத்தான் செய்யும். அந்தக் கலக்கம் நல்லது. ஆனால் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ரயில் கொள்ளையில் இருந்து வருகிறேன். ஐந்தாவது சீசனில் ரயிலை நிறுத்திக் கெமிக்கல் திருடுகிறார்கள். அதைப் பைக்கில் வந்த ஒரு சின்னப் பையன் பார்த்துவிடுகிறான். கூட வந்த டாட் அவனைச் சுட்டுவிடுகிறான். அடுத்த எபிசோடில் காணாமல்போன அந்தப் பையனின் செய்தி டிவியில் ஓடுகிறது. ஜெஸ்ஸி இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறான். வால்டர் பக்கத்தில் வந்து, எனக்கும் தூக்கம் வரவில்லை, நீ வீட்டுக்குப் போ, மிச்ச வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆறுதல் சொல்கிறான். கேட்கிற நமக்கே தொண்டை அடைக்கிறது. ஜெஸ்ஸி கிளம்பத் திரும்புகிறான். உள்ளே வேலை செய்கிற இடத்திலிருந்து சீட்டி அடிக்கும் சத்தம் வருகிறது. சார் சந்தோஷமாகச் சீட்டியடித்துக்கொண்டு வேலை பார்க்கிறார்! ஜெஸ்ஸி நின்று கேட்கிறான். அந்த முகத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் சிறைக்குள் இருந்த சாட்சிகளை மூன்று சிறைகளில் ரெண்டே நிமிடத்துக்குள் கொல்ல ஏற்பாடு செய்தது, கூட்டாளி மைக் என்பவனைச் சுட்டுவிட்டு, கொன்றிருக்கவே வேண்டாமே என்று அவனிடமே சொன்னது எல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் அதில் நிற்கவில்லை. இவ்வளவுக்கும் பிறகு மாறினானா என்பதுதான் கேள்வி.

கடைசிக்கு முந்தின எபிசோடுக்கு வாருங்கள். நியூ ஹாம்ப்ஷயரில் பனிக்குள் ஒரு மரவீட்டில் ஒளிந்து கிடக்கிறான். ஒரு நாள் ஊருக்குள் வந்து மதுக்கடையிலிருந்து மகனுக்கு ஃபோன் பண்ணிப் பணம் தருகிறேன் என்கிறான். நீ இன்னும் ஏன் சாகவில்லை என்று கத்துகிறான் பையன். உடைந்துபோன வால்டர் போலீசுக்கு அடித்து, தன் பெயரைச் சொல்லி, ரிசீவரைத் தொங்கவிடுகிறான். வந்து பிடித்துக்கொள்ளட்டும் என்று ஒரு கிளாஸ் வாங்கி உட்கார்கிறான். நடுவர் ஐயா, அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தால் நான் இந்த அணியில் பேச வந்திருக்கவே மாட்டேன்.

என்ன நடந்தது? கடை டிவியில், வாத்தியாராவதற்கு முன் அவனோடு ஒரு கம்பெனியில் இருந்த பழைய கூட்டாளிகள் கிரெட்சனும் எலியட்டும் பேட்டி கொடுக்கிறார்கள். கம்பெனிக்குப் பெயர் வைத்ததைத் தவிர வால்டர் ஒன்றும் செய்யவில்லை என்கிறார்கள். போலீஸ் வரும்போது கவுண்டரில் பாதிக் கிளாஸ்தான் இருக்கிறது. ஆள் இல்லை. பெற்ற மகன் செத்துப்போ என்றது அவனைச் சரணடையத்தான் வைத்தது. பேர் போனதுதான் எழுப்பிக் கிளம்ப வைத்தது. தன் பங்கை 5000 டாலருக்கு விற்ற அந்தக் கம்பெனி இப்போது எவ்வளவு பெறும் என்று வாராவாரம் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன். அந்தப் புண் முதலிலிருந்து கடைசிவரை அப்படியே இருக்கிறது.

ஸ்கைலரிடம் சொன்ன உண்மை? நான் எனக்காகத்தான் செய்தேன், எனக்குப் பிடித்திருந்தது, அதில் நான் கெட்டிக்காரன், அப்போதுதான் உயிரோடு இருப்பதாக உணர்ந்தேன் என்கிறான். பிரையன் கிரான்ஸ்டன் அதைச் சொல்லும்போது எனக்கும் கண் நிறைந்தது. குடும்பத்துக்காக, குடும்பத்துக்காக என்று அத்தனை வருசம் ஓதிய பொய்யை விட்டது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் அதில் வருத்தம் எங்கே இருக்கிறது? பிடித்திருந்தது என்கிறான் அய்யா! சாகும்போது ஆய்வகத்தில் அந்தப் பாத்திரங்களைத் தடவிப் பார்த்துக்கொண்டுதான் விழுகிறான், பிள்ளைகளின் படத்தை அல்ல.

நம்ம ஊர்க் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டில் இசக்கியம்மன் கதை கேட்டிருப்பீர்கள். மடியில் தூங்கியவளை நகைக்காகக் கல்லைப் போட்டுக் கொன்றவன் கதை. அவள் நீலியாக வந்து பழி தீர்க்கிறாள். கொன்றவன் திருந்தினால்தான் கதை முடியும் என்று நம் புலவர்கள் நினைக்கவில்லை. கதை நம்மைத் தொடுவதற்கு அது தேவையும் இல்லை. இந்தத் தொடரை எழுதியவர்களுக்கும் அந்தத் துணிச்சல் இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு, திருந்தினான் என்று ஒரு சமாதானம் சொல்வது அவர்கள் எழுத்துக்கே செய்யும் அநியாயம்.

மாறியவன் வேண்டுமென்றால் ஜெஸ்ஸியைப் பாருங்கள். சார் சொன்னதற்கெல்லாம் ஆடிய பையன். கடைசியில் வால்டர் துப்பாக்கியைத் தள்ளிக் கொடுத்து என்னைக் கொல் என்கிறான். ஜெஸ்ஸி, நீயே செய்துகொள் என்று கீழே போட்டுவிட்டுப் போகிறான். சார் சொல்லைத் தட்டியது அவன்தான்.

எதிரணியில் அடுத்துப் பேச வரும் தங்கைக்கு ஒரு கேள்வியை வைத்துவிட்டு உட்காருகிறேன். கடைசி எபிசோடில் ஜெஸ்ஸியை அடைத்து வைத்து மெத் காய்ச்ச வைத்த ஜாக் கும்பலின் இடத்துக்கு வால்டர் போனது ஜெஸ்ஸியை மீட்க இல்லை. தான் காய்ச்சிய மாதிரியே நீல நிற மெத் இன்னும் சந்தையில் ஓடுகிறது என்று கேள்விப்பட்டு, ஜெஸ்ஸி ஜாக்கோடு கூட்டுச் சேர்ந்துவிட்டான் என்று நினைத்துப் போனான். ஜெஸ்ஸியைச் சங்கிலியோடு பார்த்த பிறகுதான், குண்டு படாமல் இருக்க அவன்மேல் பாய்ந்து தரையில் தள்ளினான். அந்தச் சங்கிலி இல்லாமல் இருந்திருந்தால், உங்கள் திருந்திய வால்டர் என்ன செய்திருப்பான்? நன்றி, வணக்கம்.