புகை போகும் வழி

வணக்கம்.

போன ஆவணியில் கனடாவிலிருந்து என் மச்சான் ஒருவன் வந்திருந்தான். கிளிநொச்சிப் பக்கம் காணி வாங்கி வீடு கட்டப் போகிறான். நான் மேசன் என்பதால் வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்துவிட்டு, விறாந்தையில் ஒரு மூலையைக் காட்டினான். "மச்சான், இதில சுவருக்குள்ள நெருப்பு எரியிற மாதிரி ஒண்டு கட்டித் தா. அங்க எங்கட வீட்டில இருக்கு, நல்ல வடிவு" என்றான். நான் வெளியே பார்த்தேன். வெயில் தாங்காமல் நாய் கிணற்றடி ஈரத்தில் வயிற்றைப் போட்டுப் படுத்திருந்தது.

நுவரெலியாவில் வெள்ளைக்காரர் கட்டிய பங்களாக்களில் அப்படிக் கணப்பு உண்டு. அது ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கிற ஊர். அங்கே கூட நெருப்பின் சூட்டில் பெரும்பங்கு புகைக்கூண்டு வழியாக வானத்துக்குத்தான் போகும். வன்னியில் அது எதற்கு? "குசினிக்கு என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டேன். "காஸ்தான்." "சிலிண்டர் வராவிட்டால்?" அவன் 2022இல் இங்கே இல்லை. வெற்றுச் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி வரிசையில் விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து மூன்று கல் வைத்துச் சோறு காய்ச்சிய கதை அவனுக்குத் தெரியாது. விறகடுப்பைப் பற்றி அன்று அவனோடு பேசியதில் மீதியைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

காஸை எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. காலையில் ஒரு தேத்தண்ணிக்கு விறகு மூட்டுவது வீண் வேலை. ஆனால் வீட்டில் ஒரு நல்ல விறகடுப்பும் இருக்க வேண்டும், அதை வீடு கட்டும்போதே யோசிக்க வேண்டும். நம்மவர்கள் வீட்டை முடித்து, குடிபுகுந்து, பால் காய்ச்சிய பிறகுதான் பின்னுக்கு நாலு தகரத்தை இறக்கி அடுப்படி போடுகிறார்கள். அது காற்றுக்கு எதிரே இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

நமக்குக் காற்று பெரும்பாலும் இரண்டு பக்கத்தால் வருகிறது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம், தென்மேற்கால். மாரியில் வாடை, வடகிழக்கால். இப்போது ஒரு கடதாசியில் வீட்டைச் சதுரமாகக் கீறுங்கள். தென்கிழக்கு மூலையில் அடுப்பை வையுங்கள். சோளகம் புகையை வடகிழக்கே தள்ளும், வாடை தென்மேற்கே தள்ளும். இரண்டு காலத்திலும் புகை வீட்டை உரசிக்கொண்டு போகுமே தவிர உள்ளே நுழையாது. வீட்டுக்கு நிலையம் எடுக்கும், அதாவது எது எந்த மூலையில் வரவேண்டும் என்று குறித்துத் தரும் ஆசாரி "அக்கினி மூலை, தப்பினால் வாயு மூலை" என்பார். வாயு மூலையான வடமேற்குக்கும் இதே கணக்குத்தான். சாத்திரத்தை நம்புகிறவரும் நம்பாதவரும் இந்த ஒரு விசயத்தில் சண்டை பிடிக்கத் தேவையில்லை. மச்சானின் வரைபடத்தில் குசினி தென்மேற்கு மூலையில் இருந்தது. படுக்கையறைக்குப் பக்கத்தில்.

சரி, இடம் கிடைத்துவிட்டது. அடுத்தது உயரம். இங்கேதான் நான் அதிகம் பிழை கண்டிருக்கிறேன், என் பிழையும் சேர்த்து. காஸ் அடுப்புக்குக் கட்டுகிற இடுப்பளவு மேடையிலேயே விறகடுப்பையும் தூக்கி வைத்துவிடுகிறார்கள். மேடை உயரம், அதன் மேல் அடுப்பின் உயரம், அதன் மேல் பானை. கடைசியில் பானை வாய் நெஞ்சுக்கு வந்துவிடும். கொதிக்கிற சோற்றுப் பானையை அந்த உயரத்திலிருந்து தூக்கிக் கஞ்சி வடித்துப் பாருங்கள். கை கொஞ்சம் நழுவினால் கஞ்சி வயிற்றில்தான் ஊற்றும். பானை வாய் முழங்கைக்கு ஒரு சாண் கீழே இருக்க வேண்டும். அளவு எடுக்கப் போகும்போது, வீட்டில் பெரிய பானை எதுவோ அதைக் கொண்டுவரச் சொல்வேன். சமைக்கிறவர் யாரோ அவரை நிற்கச் சொல்லி முழங்கையிலிருந்து கீழே அளந்து வருவேன். காசு கொடுக்கிறவரின் முழங்கை எனக்குத் தேவையில்லை. மேடை பெரும்பாலும் முழங்காலை ஒட்டித்தான் வரும். "என்ன மேசன், இப்பிடிப் பதிச்சுக் கட்டிறியள்" என்று வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். அந்த வீட்டு அக்கா ஒரு நாள் சமைத்த பிறகு அந்தப் பேச்சு இருக்காது.

இனி என்ன அடுப்பு? மூன்று கல் அடுப்பில் விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஒன்றரைப் பங்குதான் பானைக்குப் போகிறது. மற்றதெல்லாம் காற்றுக்கும் நம் கண்ணுக்கும். 1980களில் இலங்கையில் விறகைச் சேமிக்க என்றே செய்த அடுப்புத்தான் அனகி. சுட்ட மண்ணில் ஒரே துண்டாக, இரண்டு பானை வைக்க இடத்தோடு வரும். முன்வாயில் விறகு, முதல் குழியில் சோறு, மிஞ்சுகிற சுவாலை பின்குழிக்குப் போய்க் கறியை மெல்லக் கொதிக்க வைக்கும். வாங்கி அப்படியே நிலத்தில் வைத்து எரிக்கிறவர்கள்தான் அதிகம். அது சரியல்ல. களிமண்ணோடு உமியோ வைக்கோலோ பிசைந்து, சுற்றிவரக் கனமாக அணைக்க வேண்டும். அப்போதுதான் சூடு உள்ளே நிற்கும், அடுப்பும் வெடிக்காது. இரண்டாம் குழியில் ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு சட்டித் தண்ணீராவது வையுங்கள். திறந்து கிடந்தால் விறகு வாங்கின காசு அந்த ஓட்டையால் போகிறது.

அடுப்பைக் கட்டுவதென்றால் செங்கல்லும் களிமண்ணும்தான். புற்றுமண் கிடைத்தால் இன்னும் நல்லது. நான் 2013இல் எங்கள் வீட்டில் கெட்டித்தனம் காட்டப் போய், அடுப்பை முழுக்கக் கொங்கிரீட்டில் வார்த்தேன். சல்லி, கம்பி எல்லாம் போட்டு. தைப்பொங்கலன்று பால் பொங்கி வருகிற நேரம் "டப்" என்று ஒரு சத்தம். உள்ளங்கை அளவு கொங்கிரீட் துண்டு தெறித்துப் பானையில் பட்டது. சீமெந்துக்குள் இருக்கிற ஈரம் சூட்டில் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் வெடிக்கும் என்பது ஒரு மேசனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்துதான் இருந்தது. சொந்த வீடு என்றதும் மறந்துபோச்சு. மனைவி இன்னும் ஒவ்வொரு பொங்கலுக்கும் நினைவுபடுத்துகிறாள்.

அனகிக்குப் புகைக்குழாய் கிடையாது. விறகு குறைகிறபடியால் புகையும் குறையும், அவ்வளவுதான். வீட்டுக்குள் அடைபடும் புகையால் 2020இல் உலகம் முழுக்க ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. ஆகவே புகை வெளியேற ஒரு வழி கட்டாயம் வேண்டும். கூரை கிடுகென்றால் குழாயை அதற்கூடாகக் கொண்டுபோகவே கூடாது, ஒரு பொறி போதும். முகட்டில் இடைவெளி விட்டு, எதிரெதிரே இரண்டு யன்னல் வைத்துக்கொள்ளுங்கள். ஓடு, தகரம் என்றால் கட்டுகிற அடுப்புக்குக் குழாய் வைக்கலாம். நாலு தொடக்கம் ஆறு அங்குல விட்டம், நேராக, வளைவு இல்லாமல். பிளாஸ்ரிக் குழாய் உருகிவிடும், வேண்டாம். பத்தடிச் சுற்றுக்குள் இருக்கும் முகட்டை விட இரண்டடி மேலே எழும்ப வேண்டும். கட்டையாக விட்டால் சோளகம் அடிக்கிற நாளில் காற்று முகட்டில் மோதிச் சுழன்று, புகையைத் திருப்பிக் குசினிக்குள்ளேயே ஊதும்.

குழாய் புகையை இழுப்பது உள்ளே சூடு இருப்பதால்தான். விடியற்காலையில் குழாய் குளிர்ந்து கிடக்கும். அப்போது மூட்டினால் முன்னால்தான் புகை வரும். ஒரு பிடி காய்ந்த ஓலையைக் குழாயின் அடியில் முதலில் கொளுத்திவிட்டுப் பிறகு விறகை வையுங்கள், இழுக்கத் தொடங்கும். அடியில் ஒரு சின்னக் கதவு விடச் சொல்லுங்கள். மாதம் ஒரு தடவை பொச்சுமட்டையைக் கயிற்றில் கட்டி மேலிருந்து இறக்கி இழுத்தால் கரி எல்லாம் அதற்குள் விழும்.

என் மாமியார் மாதிரி ஆட்கள் குழாய்க்குச் சம்மதிக்க மாட்டார்கள். புகை பட்டால்தான் கிடுகு உக்காது, அடுப்புக்கு மேல் பரணில் தொங்குகிற விதைக்குப் பூச்சி வராது, இறைச்சி வத்தலுக்கு அந்த மணம் வரும். அவர் சொல்வது பொய்யில்லை. அதற்காக வெளியில் சின்னதாக ஒரு கொட்டிலும் பரணும் போட்டுக் கொடுத்தேன். வத்தல் அங்கே தொங்குகிறது. அவர் உள்ளேதான் சமைக்கிறார்.

உமி அடுப்பு, மரத்தூள் அடுப்பு பற்றியும் கேட்கிறார்கள். நெல் ஆலையோ மரவாடியோ பக்கத்தில் இருந்தால் நல்லதுதான். தகரப் பேணிக்குள் நடுவில் போத்தலை நிறுத்தி மரத்தூளை இறுக்கி அடைத்து, போத்தலை உருவினால் மணிக்கணக்காக எரியும். நெல் அவிக்க அருமை. ஆனால் முற்றத்தில்தான். மூடிய அறைக்குள் வைத்தால் வருகிற நச்சுவாயுவுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

எந்த அடுப்பானாலும் பச்சை விறகை வைத்தால் வேலைக்காகாது. பத்துக் கிலோ பச்சை விறகில் நாலைந்து கிலோ தண்ணீர்தான். அதை ஆவியாக்கவே நெருப்பில் ஒரு பங்கு போய்விடும். இரண்டு கொள்ளியை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீர் என்று கேட்கும். ஈரம் இருந்தால் மொத்தென்று இருக்கும். மாசி, பங்குனியில் தறித்து, மணிக்கட்டளவுக்குப் பிளந்து, ஐப்பசி மழைக்கு முன் கூரைக்குக் கீழ் அடுக்கிவிட வேண்டும். பாலை, வீரை மாதிரி நின்று எரிய வேறு விறகு இல்லை. ஆனால் காட்டுக்குள் போக அனுமதி வேண்டும், மிதிவெடிப் பலகை நிற்கிற பக்கம் தலைவைத்தும் பார்க்கக் கூடாது. வேலியில் நிற்கிற கிளிசரியா வெட்ட வெட்டத் தழைக்கும். தென்னம்பாளை, பன்னாடை, ஊமல், சிரட்டை எல்லாம் வளவிலேயே கிடக்கிறது.

மச்சானுக்கு வாயால் சொல்லி விளங்கவில்லை. வீட்டு நிலையம் குறித்த காணிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பின்னேரம் மூன்று மணி, சோளகம் நன்றாக அடித்தது. வரைபடத்தில் குசினி இருந்த இடத்தில் அவனை நிறுத்தி, கையில் நாலு ஊதுபத்தியைக் கொளுத்திக் கொடுத்தேன். புகை ஒரு கோடாக நீண்டு, கயிறு கட்டியிருந்த படுக்கையறைக்குள் நேரே போனது. தென்கிழக்கு மூலைக்குப் போய் நின்றோம். புகை வீட்டைத் தொடாமல் பனைகளின் பக்கம் போனது. ஊதுபத்தி முடியும்வரை அவன் பேசவில்லை.

குசினியை மாற்றிக் கீறிவிட்டான். விறாந்தை மூலையில் நெருப்பு வேண்டாம், அங்கே மழைக்கு நனையாமல் ஒரு வருச விறகை அடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். பெண்சாதியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு விமானம் ஏறிப் போயிருக்கிறான்.

நன்றி, வணக்கம்.