நூலுக்குச் சான்று, தூசி யாருக்கு?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'துணி மறுசுழற்சியால் ஆடைத் தொழிலாளருக்குக் கிடைப்பது வாழ்வா, சுமையா?' இதுதான் தலைப்பு. இன்றைய நிலையில் சுமைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி, திருப்பூரின் கட்டிங் வேஸ்ட், அதாவது ஆடைக்கு வெட்டியதில் மிஞ்சும் துண்டுத்துணி, குப்பைக்குப் போகாமல் நூலாகிறது, தண்ணீர் மிச்சமாகிறது என்றார். உண்மைதான். நிறம் நிறமாகப் பிரித்து அரைத்த துணியில் நூற்ற நூலுக்கு மறுபடி சாயம் ஏற்ற வேண்டியதில்லை. சாயக் கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டையும், 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும் பார்த்த நமக்கு இதன் அருமை தெரியும். இதில் அவரோடு எனக்குச் சண்டையே இல்லை.

ஆனால் அந்த நிறத்தைப் பிரிப்பது யார்? பெரும்பாலும் பெண்கள். வேஸ்ட் குடோனில் தரையில் உட்கார்ந்து வெள்ளை தனி, கறுப்பு தனி, எலாஸ்டிக் உள்ளது தனி, பாலியஸ்டர் கலந்தது தனி என்று கையால் பிரிக்கிறார்கள். கண்ணும் விரலும் தேர்ந்தால்தான் இந்த வேலை வரும். பனியன் கம்பெனி டெய்லருக்காவது தொழிற்சங்கங்கள் பேசிப் போட்ட கூலி ஒப்பந்தம் இருக்கிறது. இவர்களுக்கு வேலை இருந்த நாளுக்குக் கூலி, அதோடு சரி.

ஹரியானாவின் பானிபட்டில் வேறு மாதிரி. வெளிநாட்டார் உடுத்திக் கழித்த துணி அங்கே மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. அரிவாள்மனை மாதிரி நிமிர்ந்து நிற்கும் கத்தியின் முன் உட்கார்ந்து, பெண்கள் ஜிப்பையும் பட்டனையும் அறுத்தெடுக்கிறார்கள். அதற்கப்புறம்தான் அந்தத் துணி நூலாகிறது, போர்வையாகிறது.

அடுத்தது தூசி. துணியைக் கிழித்து அரைத்தால் இழை குட்டையாகும். குட்டை இழை அதிகமாகப் பறக்கும். பஞ்சுத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் வருகிற நுரையீரல் நோய்க்கு பிசினோசிஸ் என்று பெயர். விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும். இதைத் தொழில்சார் நோய் என்று சட்டமே ஏற்றிருக்கிறது, இழப்பீடும் உண்டு. ஆனால் அதைக் கேட்க, 'நான் இங்கேதான் வேலை பார்த்தேன்' என்று காட்ட ஒரு சீட்டு வேண்டுமே! பத்துப் பேருக்குக் குறைந்த குடோன் பொதுவாகத் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. வரம்புக்குள்ளேயே வருவதில்லை. நோய் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, நடுவில் இந்தப் பெண்ணின் பெயர் மட்டும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எனக்குப் பெரிய வருத்தம் இதில்தான்.

'அதற்குத்தான் சான்றிதழ் இருக்கிறதே' என்று எதிரணி எழுந்து சொல்லலாம். மறுசுழற்சித் துணிக்கான ஜி.ஆர்.எஸ். சான்றில் தொழிலாளர் நலனுக்கும் விதிகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சான்று தொடங்குவதே மறுசுழற்சி ஆலையில்தான். அதற்கு முந்தைய குடோன் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழிதான் அங்கே பெரிதும் ஆதாரம். பிரித்துக் கொடுத்த கை முழுத் தணிக்கைக்கு வெளியே நிற்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2022-லேயே துணிகளை வீசியெறியாமல் மறுபடி மறுபடி பயன்படுத்தும் சுழற்சித் திட்டத்தை அறிவித்துவிட்டது. மறுசுழற்சி நூலுக்குக் கிராக்கி கூடினால் இந்தக் குடோன்களும் பெருகத்தான் செய்யும். அதனால் விதிகளை இப்போதே அங்கே கொண்டுபோக வேண்டும் என்கிறோம்.

குடோனில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குச் சம்பளச் சீட்டு, நல்ல முகக்கவசம், ஆண்டுக்கொரு நுரையீரல் பரிசோதனை இவை மூன்றும் கிடைத்த பிறகு இதே தலைப்பை மறுபடி வையுங்கள், நடுவர் அவர்களே. நானே எதிரணியில் போய் உட்காருகிறேன். அதுவரை தீர்ப்பை எங்கள் அணிக்குத் தாருங்கள். நன்றி, வணக்கம்.