ஏ7 வீதியும் லயத்து வாசலும்

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பாடசாலை அதிபர் ஐயா அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த ஆலய பரிபாலன சபையினரே, வேலைக்கு நடுவில் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிரதேச சபை உறுப்பினர்களே, ஆசிரியப் பெருமக்களே, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே இங்கே வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய இளைஞர் மன்றத்துத் தம்பிகளுக்குத் தனியாக நன்றி. ஹட்டன் குளிருக்கு அது பொருத்தமான மரியாதைதான்.

'அவிசாவளை – ஹட்டன் – நுவரெலியா வீதியின் வரலாறு' என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் பேசப்போகிறேன். ஒன்று, வீதி வந்த கதை. இரண்டு, அதன் வளைவுகளும் விபத்துகளும். மூன்றாவதை நீங்களே ஊகித்திருப்பீர்கள். மேடை கிடைத்தால் நான் எதைப் பேசுவேன் என்று தலைவருக்குத் தெரியும்.

இந்த வீதியின் இலக்கம் ஏ7, ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நீளம். கொழும்பிலிருந்து ஏ4 வீதியில் அவிசாவளை வரை வந்து அங்கே பிரிகிறோம். கரவனெல்ல, எட்டியாந்தோட்டை, கித்துல்கல வரை களனி கங்கை கூடவே வரும். கினிகத்தேனையில் ஏற்றம் பிடித்து, மழைக்குப் பேர்போன வட்டவளையைத் தாண்டி, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா என்று போய் நுவரெலியாவில் முடிகிறது. அங்கே கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேல். எட்டியாந்தோட்டையில் விசிறி தேடியவர் நுவரெலியாவில் கம்பளி தேடுவார்.

திம்புள்ள, திக்கோயா பக்கமெல்லாம் காட்டை வெட்டிக் கோப்பி போட்ட காலத்தில் மூட்டையைக் கீழே இறக்க ஒரு வழி வேண்டியிருந்தது. வெள்ளைக்காரன் வீதி போட்டது நம் மேல் உள்ள பாசத்தால் அல்ல. 1848இல் வீதிச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். வயதுவந்த ஆண்கள் வருடத்துக்கு 6 நாள் வீதி வேலை செய்ய வேண்டும், முடியாவிட்டால் 3 ஷில்லிங் கட்ட வேண்டும். அதே வருடம் மாத்தளையில் கலவரம் வெடித்ததற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம். 1869இல் கோப்பியில் இலைநோய் வந்தது. கோப்பி போய்த் தேயிலை வந்தது. 1884இல் ஹட்டனுக்கும், அடுத்த வருடம் நானுஓயாவுக்கும் ரயில் வந்தது. அதற்காகக் குடைந்த சிங்கமலைச் சுரங்கத்தைக் கொட்டகலைக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். இந்த வீதியின் இரண்டு முனையிலும் ஒரு காலத்தில் குறுகிய பாதை ரயில் ஓடியது. கீழே அவிசாவளையிலிருந்து எட்டியாந்தோட்டை வரை ஒன்று, மேலே நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலை வரை இன்னொன்று. இரண்டையும் மூடிவிட்டார்கள். அந்தச் சுமையெல்லாம் லொறிக்கும் வீதிக்கும் வந்து சேர்ந்தது.

இவ்வளவு வேலையும் மண்வெட்டியாலும் அலவாங்காலும் வெடிமருந்தாலும் நடந்தது. செய்தவர்களில் நம் முன்னோரும் உண்டு. மன்னார்ப் பக்கம் கரையிறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்து, வழியில் செத்தவர்கள் போக மிஞ்சியவர்கள். அந்தக் காலத்திலேயே மலையைக் குடைந்தார்கள். இன்றைக்கு மெஷின் இருக்கிறது, ரோலர் இருக்கிறது. தோட்டப் பாதையைப் போடக் கேட்டால் மட்டும் "மலை சரிவு, மண் இளக்கம்" என்கிறார்கள். ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் என்றாளாம். தாய்மார்கள் கோபிக்க வேண்டாம், பழமொழியை நான் உண்டாக்கவில்லை.

ஒரு கதை சொல்கிறேன். நான் பிறந்த தோட்டத்தில் நடந்தது, பெயர் வேண்டாம். மேல் டிவிஷனுக்குப் பாதை போட்டாயிற்று என்று திறப்புவிழா வைத்தார்கள். கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வருகிறார். மூன்று நாளாகத் தோரணம், வாழைமரம். தப்பு மேளம் அடிக்கிற செட்டுக்குப் புது வேட்டி. பிரதான வீதியில் இறங்குகிற இடத்தில் நினைவுக்கல், அதில் அவர் பெயர் தங்க எழுத்தில். ரிப்பன் வெட்டினார், நாங்கள் கை தட்டினோம். அதோடு திரும்பிப் போயிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். "மேலே போய் மக்களைப் பார்க்கிறேன்" என்றார். கூட வந்தவர்கள் முகம் வெளுத்துவிட்டது. ஏனென்றால் தார் போட்டிருந்தது முதல் மதகு வரைதான்! மதகைத் தாண்டியதும் ஜீப் சேற்றில் உட்கார்ந்தது. தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்து ஆட்கள் அத்தனை பேரும் தள்ளினார்கள், அசையவில்லை. கடைசியில் கொழுந்து லொறியைக் கூப்பிட்டு, பின்னால் கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவில் அவரை ஏற்றி நிறுத்தினோம். ஒரு கையில் மாலை, மறு கையில் லொறிக் கம்பி. குலுங்கிய குலுங்கலில் மாலையில் பாதிப் பூ மதகிலேயே கொட்டிப்போயிற்று. மேலே போய்ச் சேர்ந்ததும் தப்படிக்கிற தாத்தா கும்பிட்டுக் கேட்டார்: "ஐயா, எங்க புள்ளத்தாச்சிப் பொம்பளைகளும் இந்த லொறியிலதான் போறாங்க. ஒங்களுக்கு இடுப்பு வலிக்குதுங்களா?"

சிரிக்கிறீர்கள். அன்றைக்கு நாங்களும் சிரித்தோம். அப்புறம் என்ன நடந்தது? மதகுக்கு மேலே ஒரு கூடை கல்கூட வரவில்லை. விசாரித்தால் பழைய பதில்தான்: சரிவு அதிகம், மழை அதிகம். முற்றம் கோணல்! நினைவுக்கல் மட்டும் நின்றது. நல்ல கருங்கல். கவ்வாத்துக் கத்தி தீட்ட அதைவிடத் தோதான கல் அந்தப் பக்கத்தில் இல்லை. காலையில் மலைக்குப் போகிறவர்கள் அதில் இரண்டு தீட்டு தீட்டிவிட்டுப் போவார்கள். பெயரில் இப்போது கடைசி இரண்டு எழுத்துதான் மிச்சம்.

சரி, இரண்டாவது விஷயம், வளைவுகள். 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் மாணவர்கள் வந்த பஸ், வேனிலும் ஆட்டோவிலும் மோதி 7 பேர் இறந்தார்கள். 2025 மே மாதம் ரம்பொடைப் பக்கம் கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் போனார்கள். அது கம்பளை வீதி, என் தலைப்பில் இல்லை. ஆனாலும் மலை ஒன்றுதானே. பிரேக், தூக்கம், பாதுகாப்பு வேலி என்று நிறையப் பேச இருக்கிறது. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், ஆகவே நேரே மூன்றாவதுக்கு வருகிறேன்.

ஏ7இல் காபட், அதாவது வழவழப்பான தார், போட்டாயிற்று. 1990 என்ற இலக்கத்துக்குப் போன் அடித்தால் அம்புலன்ஸ் சந்தி வரை வந்து நிற்கிறது. சந்தியிலிருந்து லயத்து வாசல் வரைதான், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீட்டு வாசல் வரைதான் சிக்கல். அங்கே நோயாளியைக் கம்பளியில் கட்டித் தூக்கி வருகிறார்கள், இல்லாவிட்டால் லொறி. வீதியின் நீளத்தை அவிசாவளையிலிருந்து அளக்கிறார்கள். லயத்து வாசலிலிருந்து அளந்து பாருங்கள், கணக்கு வேறாக இருக்கும்.

தோட்டப் பாதை யாருடையது என்று கேட்டால் தோட்டக் கம்பனி பிரதேச சபையைக் காட்டும், சபை கம்பனியைக் காட்டும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபை பணம் செலவழிக்கக் குறுக்கே நின்றது உண்மைதான். நம்மிடம் வாக்கு வாங்கலாம், நமக்கு மதகு கட்ட முடியாது என்ற நிலை. ஆனால் 2018இல் அந்தப் பிரிவைத் திருத்திவிட்டார்கள். தோட்டத்துக்குள்ளும் சபை வேலை செய்யலாம். முன்வரிசையில் இருக்கும் உறுப்பினர்களுக்கு இது நன்றாகத் தெரியும், நான் பின்வரிசைக்காகச் சொல்கிறேன். சட்டம் தடுக்கிறது என்ற சாக்கு போய்விட்டது. இனி நிதி இல்லை என்பார்கள். அந்த முற்றத்தையும் பார்த்துவிடுவோம்.

நாம் கேட்பது ஒன்றே ஒன்று. ஏ7இல் வந்து சேரும் ஒவ்வொரு தோட்டப் பாதையையும் பிரதேச சபை தன் வீதிப் பட்டியலில் ஏற்ற வேண்டும். பட்டியலில் ஏறாத பாதைக்கு வரவுசெலவில் எப்படி ஒதுக்குவார்கள்?

வாசல் மேசையில் பெரிய கொப்பி வைத்திருக்கிறோம். உங்கள் தோட்டம், டிவிஷன், பிரதான வீதியிலிருந்து லயம் எவ்வளவு தூரம், எந்த மதகு உடைந்திருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கிலோமீட்டர் தெரியாதவர்கள் ஆட்டோ வாடகையை எழுதுங்கள், தூரத்தை நாங்கள் கணக்குப் பார்த்துக்கொள்கிறோம். உறுப்பினர்கள் கிளம்புவதற்குள் கொப்பி அவர்கள் கைக்குப் போக வேண்டும். ஆகையால் முதலில் கையெழுத்து, அதற்குப் பிறகுதான் வடையும் தேநீரும். வணக்கம்.